‘பெரிய எரிமலை வெடிக்காத பட்சத்தில்’: பல்லாண்டு முன்கணிப்பு மையங்களுக்கு ஒரு திறந்த மடல்

உலக வானிலை அமைப்புக்கும், அதற்காக வருடந்தோறும் அடுத்த ஐந்தாண்டுக் காலநிலையைக் கணித்துத் தரும் மையங்களுக்கும்,

வணக்கம்.

2020 முதல் நீங்கள் வெளியிட்டுவரும் ஐந்தாண்டு அறிக்கையைத் தவறாமல் படிக்கிறவர்களில் நானும் ஒருவன். ஏதாவது ஒரு வருடத்தின் உலகச் சராசரி வெப்பநிலையாவது தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவை விட 1.5 டிகிரி தாண்டிவிடும் வாய்ப்பு அடுத்த ஐந்தாண்டில் 66 சதவீதம் என்று 2023-இல் சொன்னீர்கள். 2024-இல் அது 80 ஆனது, 2025-இல் 86. மூன்று முறையும் அந்த எண்தான் உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. ஆனால் அந்த எண்ணோடு ஒட்டிக்கொண்டு வரவேண்டிய நிபந்தனை ஒன்று எந்தத் தலைப்பிலும் வரவில்லை. இந்தக் கணக்கெல்லாம் பெரிய எரிமலை எதுவும் வெடிக்காத பட்சத்தில்தான்.

அந்த நிபந்தனை உங்களுக்குத் தெரியும், உங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும். அறிக்கையை வைத்து அணையில் எவ்வளவு நீர் நிறுத்துவது, எந்தப் பயிருக்குக் காப்பீடு எந்த அளவில் போடுவது, நிவாரணக் கிடங்கில் தானியம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று முடிவெடுக்கிற ஆளுக்குத்தான் தெரியாது. இந்த மடலில் நான் கேட்பது ஒன்றுதான். அந்த ஒரு வரியை ஓரத்தில் விட்டுவைக்காதீர்கள், அதையும் ஒரு முன்கணிப்பாக ஆக்குங்கள். வெடித்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கணக்கு, வெடிக்கும் முன்பே, ஒவ்வொரு வருடமும், வழக்கமான அறிக்கையோடு சேர்ந்து வரட்டும்.

எரிமலை எப்போதோ ஒருமுறை வெடிப்பதுதானே, அதற்காக இவ்வளவு ஏற்பாடா என்று கேட்பவர்களுக்காக ஒரு எளிய எண்ணிக்கை. உலகின் வெப்பநிலைப் பதிவிலோ வானத்தின் தெளிவிலோ தடம் பதித்த வெடிப்புகள் என்று பொதுவாகச் சொல்லப்படுபவை: 1883-இல் க்ரகடோவா, 1902-இல் குவாத்தமாலாவின் சாந்தா மரியா, 1912-இல் அலாஸ்காவின் நோவாரப்டா, 1963-இல் பாலித் தீவின் அகுங், 1982-இல் மெக்சிகோவின் எல் சிச்சோன், 1991-இல் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ. ஏறத்தாழ 140 ஆண்டுகளில் ஆறு. இந்த வேகத்தை அப்படியே எடுத்துக்கொண்டால், ஏதோ ஒரு ஐந்தாண்டுக்குள் அப்படி ஒன்று வருவதற்கான வாய்ப்பு தோராயமாக ஐந்தில் ஒன்று. ஆறும் ஒரே அளவு கிடையாது, பினாட்டுபோவின் குளிர்ச்சி அளவுக்கு மற்றவை எல்லாம் வரவில்லை, இது கடினமான புள்ளியியலும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் 86 என்று கடைசி இலக்கம் வரை சுத்தமாகச் சொல்கிற ஓர் அறிக்கை, ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்புள்ள ஒரு விஷயத்தை ‘நடக்காது என்று வைத்துக்கொள்வோம்’ என்று கடந்து போவது எப்படிச் சரியாகும்?

அதோடு, 1815-இல் இந்தோனேசியாவில் நடந்த தம்போரா மாதிரியான ராட்சத வெடிப்பு இந்த நூற்றாண்டுக்குள் நடக்கும் வாய்ப்பு ஆறில் ஒன்று என்று 2022-இல் மைக்கேல் காசிடியும் லாரா மனியும் நேச்சர் இதழில் எழுதினார்கள். தம்போராவுக்கு அடுத்த வருடம், 1816-இல், ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவின் கிழக்கிலும் கோடையே வரவில்லை, பயிர் கருகியது, பஞ்சம் வந்தது. அந்தக் கதையை எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். அதன் பிறகு நிலத்தில் எத்தனை கோடி வயிறுகள் கூடியிருக்கின்றன என்பதை மட்டும் கணக்கில் சேர்ப்பதில்லை.

சரி, எரிமலை எப்போது வெடிக்கும் என்று எவராலும் வருடங்களுக்கு முன்னால் சொல்ல முடியாது. அதில் உங்கள் மேல் எந்தக் குறையும் இல்லை. ஆனால் வெடித்த பிறகு வானத்தில் நடப்பது வேறு விஷயம், அதில் பாதிக்கு மேல் இயற்பியல் தெளிவாக இருக்கிறது. சாம்பல் சில நாட்களில், வாரங்களில் கீழே இறங்கிவிடும், காலநிலைக்கு அது பெரிய பொருட்டே இல்லை. கந்தக டை ஆக்சைடுதான் காரியக்காரன். அந்த வாயு, மழை மேகங்களுக்கும் மேலே இருக்கும் அடுக்கு மண்டலத்துக்குள் ஏறிவிட்டால் மழை அதைக் கழுவ முடியாது. சுமார் ஒரு மாதத்தில் அதில் பெரும்பகுதி கந்தக அமிலத் துளிகளாக மாறும். அந்தத் துளிகள் சூரிய ஒளியில் ஒரு பகுதியைத் திருப்பி விண்வெளிக்கே அனுப்பும். இந்தத் துளிப் படலம் ஒரு வருடத்துக்கு மேல் நிலைத்து, மெல்ல மெல்ல மெலியும். பினாட்டுபோ 1991 ஜூன் 15 அன்று 1.5 முதல் 2 கோடி டன் வரை அந்த வாயுவை மேலே அனுப்பியது. மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் படலம் பூமியை ஒரு சுற்றுச் சுற்றி முடித்திருந்தது.

எவ்வளவு வாயு என்பதை விட எந்த உயரம், எந்த அட்சரேகை, எந்தப் பருவம் என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது. ஐஸ்லாந்தின் ஹோலுஹ்ரான் 2014-15-இல் ஆறு மாதம் விடாமல் கக்கியது, மொத்தம் சுமார் ஒரு கோடி டன் கந்தக டை ஆக்சைடு, அதாவது பினாட்டுபோவில் பாதி அளவுக்குப் பக்கம். ஆனால் எல்லாம் தாழ்வாகவே தங்கி, மழையோடு இறங்கிப்போனது. உலக வெப்பநிலையில் ஒரு அசைவும் இல்லை. இன்னொரு பக்கம், மிகப் பெரிய வெடிப்புகளில் துளிகள் ஒன்றோடொன்று மோதிப் பெருத்துவிடும், பெருத்த துளி சீக்கிரம் விழும், ஒளியைச் சிதறடிக்கும் திறனும் குறைவு. அதனால் வாயு பத்து மடங்கு என்றால் குளிர்ச்சியும் பத்து மடங்கு என்று பெருக்க முடியாது. பூமத்திய ரேகைக்கு மேலே அடுக்கு மண்டலக் காற்று இரண்டு வருடத்துக்குச் சற்றே கூடுதலான காலத்துக்கு ஒருமுறை கிழக்கும் மேற்குமாகத் திசை மாறுகிறதே, வெடிக்கும்போது அது எந்தத் திசையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தும் படலம் வெப்பமண்டலத்திலேயே தேங்கும் அல்லது துருவங்களை நோக்கி நகரும். இவையெல்லாம் வெடித்த சில நாட்களில் செயற்கைக்கோள் வழியாக அளந்து தெரிந்துகொள்ளக் கூடியவை.

இதை வைத்து முன்கூட்டியே சொல்ல முடியும் என்பதற்கு ஆதாரம் தேடி எங்கும் போக வேண்டாம். பினாட்டுபோ வெடித்த ஏழாவது மாதமே, 1992 ஜனவரியில், நாசாவின் ஜேம்ஸ் ஹேன்சனும் அவர் குழுவினரும் தங்கள் மாதிரியை, அதாவது காலநிலையைக் கணக்கிட்டுக் காட்டும் கணினி நிரலை, ஓட்டிய முடிவை அச்சில் ஏற்றினார்கள். 1992 கடைசிக்குள் உலகம் சுமார் அரை டிகிரி குளிரும், பிறகு ஓரிரு வருடத்தில் மீண்டுவிடும் என்றார்கள். அப்போது எல் நினோ, அதாவது பசிபிக் கடற்பரப்பு வழக்கத்தை விடச் சூடாகும் நிகழ்வு, வேறு நடந்துகொண்டிருந்தது, அது சூடாக்குகிற பக்கம். அதையும் மீறி உலகம் கிட்டத்தட்ட அவர்கள் சொன்ன அளவுக்கே குளிர்ந்தது, சொன்ன காலத்தில் மீண்டது. இன்றைய கைப்பேசிக்குள் இருக்கும் கணக்கிடும் திறன்கூட இல்லாத கணினிகளில் செய்த வேலை அது. இன்று உங்களிடம் பத்துக்கு மேற்பட்ட மையங்கள், ஒவ்வொன்றிலும் பல ஓட்டங்கள், கடலின் ஆழத்தை அளக்கும் மிதவைகள் எல்லாம் இருக்கின்றன. 1992-இல் ஒரு குழு செய்ததை இன்று ஒரு அமைப்பாகச் செய்து, வெடிப்புக்கு முன்பே அலமாரியில் எடுத்து வைக்க முடியாதா?

இப்போது கொஞ்சம் சங்கடமான விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் திறன் மதிப்பெண்களைப் பற்றியது.

முன்கணிப்பு நம்பகமானதா என்று காட்ட, நீங்கள் பின்கணிப்பு செய்கிறீர்கள். 1960-லிருந்து ஒவ்வொரு வருடத்தின் கடல், வளி நிலையையும் தொடக்கமாகக் கொடுத்து, மாதிரியை ஐந்து, பத்து வருடம் ஓடவிட்டு, உண்மையில் நடந்ததோடு ஒப்பிடுகிறீர்கள். பத்தாண்டு காலநிலை முன்கணிப்புத் திட்டம் வகுத்த நடைமுறையும் இதுதான், நல்ல நடைமுறைதான். ஆனால் இந்தப் பின்கணிப்புகளுக்குள் உண்மையில் நடந்த எரிமலைப் படலங்களையும் சேர்த்தே கொடுக்கிறீர்கள். 1990 நவம்பரில் தொடங்குகிற ஓட்டத்துக்கு, ஏழு மாதம் கழித்து பினாட்டுபோ வெடிக்கப்போவது முன்னமே தெரியும்! 1962-இல் தொடங்குகிற ஓட்டத்துக்கு அகுங் தெரியும், 1981-இல் தொடங்குவதற்கு எல் சிச்சோன் தெரியும். விடைத்தாளை மடியில் வைத்துக்கொண்டு தேர்வெழுதி வாங்கிய மதிப்பெண் அது. நிஜமான முன்கணிப்பில் அந்த வசதி கிடையாது. 1990 நவம்பரில் யாராவது உண்மையாகவே ஐந்தாண்டுக் கணிப்பு கொடுத்திருந்தால் 1992-க்கு அது அரை டிகிரி அளவுக்குத் தவறியிருக்கும். பல்லாண்டுக் கணிப்பில் அரை டிகிரி என்பது மலை.

ஏன் அப்படிச் செய்கிறீர்கள் என்பதும் புரிகிறது. மாதிரியின் சார்புப் பிழையை, அதாவது எப்போதும் ஒரே பக்கம் சாயும் தவறை, திருத்த வேண்டும், எரிமலையை விட்டுவிட்டால் அந்தத் திருத்தம் கோணலாகப் போகும், கடலின் உள்ளே நடப்பதை மாதிரி எவ்வளவு சரியாகப் பிடிக்கிறது என்பதைத் தனியாகப் பார்க்க முடியாது. எல்லாம் நியாயமான காரணங்கள். ஆனால் அந்த மதிப்பெண்ணை வெளியே காட்டும்போது இன்னொன்றையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்: எரிமலைத் தகவல் கொடுக்காமல் ஓட்டியபோது என்ன மதிப்பெண்? இதற்கான சோதனைகளும் ஏற்கெனவே வகுக்கப்பட்டிருக்கின்றன. பினாட்டுபோவை நீக்கிய ஓட்டம், எல் சிச்சோனை நீக்கிய ஓட்டம், அகுங்கை நீக்கிய ஓட்டம், அப்புறம் 2015-இல் ஒரு பினாட்டுபோ வெடித்திருந்தால் என்ற கற்பனை ஓட்டம், நான்கும் அதே திட்டத்தின் மூன்றாம் பிரிவில் இருக்கின்றன. ஆய்வுக் கட்டுரைகளுக்குள் கிடக்கிற அந்த வித்தியாசம், அறிக்கையைப் பயன்படுத்துகிறவர் கண்ணில் படுகிற இடத்துக்கு வரவேண்டும். எத்தனை சதவீதத் திறன் கடலைப் புரிந்துகொண்டதால் வந்தது, எத்தனை எரிமலையை முன்கூட்டியே சொல்லிக் கொடுத்ததால் வந்தது என்று பிரித்துச் சொல்வதால் உங்கள் மேல் நம்பிக்கை கூடுமே தவிரக் குறையாது.

நூற்றாண்டின் முடிவு வரை போகிற நீண்ட ஓட்டங்களில் இன்னொரு விசித்திரம். 2014 வரை நடந்த எரிமலைகள் உண்மையான அளவில் வருகின்றன. அதன் பிறகு, 1850 முதல் 2014 வரையிலான எரிமலைப் படலத்தைச் சராசரி எடுத்து, அந்த மெல்லிய திரையை எல்லா வருடத்துக்கும் ஒரே மாதிரிப் போர்த்திவிடுகிறார்கள். அந்தச் சராசரி எந்த வருடத்திலும் நடப்பதில்லை. நடப்பது என்னவோ, பல வருடம் கிட்டத்தட்டச் சுத்தமான வானம், பிறகு திடீரென்று ஒரு பெரிய அடி. அதற்கு முந்தைய தலைமுறை மாதிரிகளில் எதிர்காலத்துக்குப் பெரும்பாலும் எரிமலையே கிடையாது. விளைவு என்ன ஆனது என்று பார்த்தோமே. 2000-க்குப் பிறகு சூடேறும் வேகம் எதிர்பார்த்ததை விடக் குறைவாக இருந்தபோது, காலநிலை மாதிரிகள் எல்லாம் பொய் என்று ஒரு பெருங்கூச்சல். அதற்குப் பசிபிக் கடல் வெப்பத்தின் இயல்பான ஏற்ற இறக்கம் ஒரு முக்கியக் காரணம். ஆனால் 2008-இல் கசடோச்சி, 2009-இல் சரிச்சேவ், 2011-இல் எரித்திரியாவின் நாப்ரோ என்று யாரும் பெரிதாகக் கவனிக்காத நடுத்தர வெடிப்புகள் அடுக்கு மண்டலத்தில் சேர்த்துக்கொண்டே போன மெல்லிய படலமும் அதில் பங்கு வகித்தது. சூசன் சாலமனும் உடன் ஆய்வாளர்களும் 2011-இல் அதைக் கணக்கிட்டார்கள், 2000-க்குப் பிறகு சதுர மீட்டருக்குச் சுமார் 0.1 வாட் அளவுக்குக் குளிர்விக்கும் பக்கம் அது தள்ளியது. சிறிய எண்தான், ஆனால் மாதிரிக்குள் அது இல்லாததால் மொத்தத் துறையின் மானமும் சந்திக்கு வந்தது.

மாற்று வழி இருக்கிறது. இங்கோ பெத்கேயும் உடன் பணியாற்றியவர்களும் நார்வே மாதிரியை வைத்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், துருவப் பனியில் பதிந்திருக்கும் கந்தகத் தடங்களின் அடிப்படையில் 60 வெவ்வேறு எரிமலை எதிர்காலங்களை உருவாக்கி ஓட்டினார்கள். ஒன்றில் சீக்கிரம் வெடிக்கும், ஒன்றில் அறுபதாம் ஆண்டு வெடிக்கும், ஒன்றில் அடுத்தடுத்து இரண்டு வரும். நூற்றாண்டு இறுதியில் சூடேற்றம் அதனால் நின்றுவிடவில்லை, ஆனால் வருடத்துக்கு வருடம், பத்தாண்டுக்குப் பத்தாண்டு ஏற்ற இறக்கம் நன்றாகவே கூடியது. இதே முறையில் உங்கள் ஐந்தாண்டு ஓட்டங்களில் ஐந்தில் ஒரு பங்குக்காவது ஒரு எரிமலையைப் போட்டுப் பாருங்கள். அப்போது 86 என்ற எண் எங்கே நிற்கிறது என்று பார்க்க எனக்கு ஆசை, எனக்கு மட்டும் இல்லை.

வெப்பநிலையைப் பற்றியே இவ்வளவு நேரம் பேசிவிட்டேன், ஆனால் மக்களைத் தொடுவது மழை. சூரிய ஒளி குறைந்தால் நிலம் கடலை விடச் சீக்கிரம் குளிரும், நிலத்துக்கும் கடலுக்கும் இடையிலான வெப்ப வேறுபாடு சுருங்கும், பருவமழையை இழுக்கும் விசையே அதுதான். ஆவியாவதும் குறையும். பினாட்டுபோவுக்குப் பிறகு, 1991 அக்டோபரிலிருந்து 1992 செப்டம்பர் வரையிலான பன்னிரண்டு மாதத்தில், நிலத்தில் பெய்த மழையும் ஆறுகள் வழியாகக் கடலுக்குப் போன நீரும் உலக அளவில் வெகுவாகக் குறைந்தன. எல் நினோவின் பங்கும் அதில் உண்டு. ஆனால் அதை மட்டும் வைத்து அந்தச் சரிவை விளக்க முடியவில்லை என்று டிரென்பெர்த்தும் டாயும் 2007-இல் காட்டினார்கள்.

எரிமலை எந்த அரைக்கோளத்தில் இருக்கிறது என்பது மழைக்கு உயிர்நாடி. படலம் வடக்கில் மட்டும் அடர்ந்தால் வடக்கு குளிரும், வெப்பமண்டல மழைப்பட்டை தெற்கே தள்ளப்படும். சஹாராவின் தெற்கு விளிம்பில் இருக்கும் சஹேல் பகுதியில் 1900 முதல் 2010 வரை வந்த மிக வறண்ட நான்கு கோடைகளில் மூன்று, வட அரைக்கோளத்தில் பெரிய வெடிப்பு நடந்த பிறகே வந்தவை என்று ஹேவுட் குழுவினர் 2013-இல் எழுதினார்கள். 1912-இன் அலாஸ்கா வெடிப்பும் 1982-இன் எல் சிச்சோனும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. 1980-களின் சஹேல் பஞ்சம் எப்படிப்பட்டது என்று யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. தெற்கில் வெடித்தால் பட்டை எதிர்த் திசையில் நகரும். ஆக, எந்த அரைக்கோளம் என்ற ஒரே ஒரு தகவல், வெடித்த முதல் வாரத்திலேயே, அடுத்த மழைக்காலத்துக்கு எங்கே கிடங்கை நிரப்ப வேண்டும் என்று சொல்லக் கூடியது. பல மாத அவகாசம் கிடைக்கிறது. அந்த அவகாசத்தில் முதல் மூன்று மாதத்தை, மாதிரிக்குள் படலத்தை எந்த வடிவில் கொடுப்பது என்று மையத்துக்கு மையம் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தே கழித்துவிட்டால்?

அளப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எரிமலை வெடிக்கும்போது முதலில் பாதிக்கப்படுவது நம்முடைய கண்தான். எல் சிச்சோன் 1982 மார்ச் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் வெடித்தது. அடுத்த சில மாதங்களில் பசிபிக்கில் அந்த நூற்றாண்டின் மிகப் பெரிய எல் நினோக்களில் ஒன்று கிளம்பியது. ஆனால் கடற்பரப்பின் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிரால் அளந்த செயற்கைக்கோள்கள், நடுவில் மிதந்த கந்தகப் படலத்தால் ஏமாந்து, கடலை உண்மையை விடக் குளிராகக் காட்டின. சூடேறிக்கொண்டிருந்த கடல் சாதாரணமாகத் தெரிந்தது. கப்பல்கள் சொன்னதும் செயற்கைக்கோள் சொன்னதும் முட்டிக்கொண்டன. உலகம் அந்த எல் நினோவை உணர்ந்தபோது அது முக்கால்வாசி வளர்ந்துவிட்டது. பசிபிக்கின் குறுக்கே நங்கூரமிட்ட மிதவை வரிசை ஒன்றை அமைத்து 1994-இல் முடித்தார்களே, அதற்கு உந்துதல் அந்த அனுபவம்தான். இன்றும் உங்கள் முன்கணிப்பின் தொடக்க நிலை பெருமளவு செயற்கைக்கோள் தரவுதான். நாளை ஒரு படலம் வந்தால் உங்கள் தரவு உள்வாங்கும் முறை அதைக் கண்டுபிடித்துத் திருத்துமா, எத்தனை நாளில் திருத்தும்? ஒத்திகை பார்த்திருக்கிறீர்களா?

பினாட்டுபோவின்போது இன்னொரு பாடம். அடுக்கு மண்டலத் துகள்களை அளக்கவென்றே 1984-லிருந்து மேலே இருந்த சேஜ்-2 கருவிக்கு, படலத்தின் அடர்த்தியான பகுதி ஊடுருவ முடியாத சுவராகிவிட்டது. எந்தக் காலத்தின் தரவு மிக அதிகமாகத் தேவையோ அந்தக் காலத்தில்தான் பெரிய இடைவெளி. இன்றைய நிலை என்ன? 2006-இல் விண்ணுக்குப் போன கலிப்ஸோ செயற்கைக்கோள் 2023-இல் ஓய்ந்தது. 2004-இல் போன ஆரா தன் ஆயுளின் கடைசிப் பகுதியில் இருக்கிறது. சர்வதேச விண்வெளி நிலையத்தில் சேஜ்-3 இருக்கிறது, அந்த நிலையமும் நிரந்தரம் இல்லை. 2024-இல் எர்த்கேர் செயற்கைக்கோள் விண்ணில் ஏறியது நல்ல செய்தி. நிலத்தில் இருக்கும் கருவிகளுக்கும் தனிக் கதை உண்டு: ஹவாயின் மௌனா லோவா ஆய்வகம் 2022 நவம்பரில் தான் உட்கார்ந்திருக்கும் எரிமலையே பொங்கியதில் பாதையும் மின்சாரமும் அறுந்து நின்றது. எந்தக் கருவி போகும், அடுத்தது எப்போது வரும் என்ற பட்டியலை விண்வெளி நிறுவனங்கள் முன் வைத்து உரக்கக் கேட்கும் தகுதி உங்களுக்கு இருக்கிறது. தயவுசெய்து கேளுங்கள்.

ஆரா இல்லையென்றால் என்ன இழப்போம் என்பதற்கு ஹுங்கா டோங்கா ஒன்றே போதும். 2022 ஜனவரி 15 அன்று பசிபிக்கின் டோங்கா தீவு நாட்டில் கடலுக்கடியில் வெடித்த அந்த எரிமலையின் புகைத்தூண் 57 கிலோமீட்டர் வரை போனது. கந்தக வாயு அளவைப் பார்த்தால் நாலைந்து லட்சம் டன்தான், பினாட்டுபோவுக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் கூடவே சுமார் 14.6 கோடி டன் நீராவியை மேலே கொட்டியதை ஆராதான் அளந்து காட்டியது, அது அடுக்கு மண்டலத்தில் இருந்த மொத்த நீரில் பத்தில் ஒரு பங்கு. நீராவி வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு என்பதால் உலகம் சூடாகும் என்று முதலில் பலர் எதிர்பார்த்தார்கள், 2023-இன் வெப்பச் சாதனைக்கே இதைக் காரணம் சொன்னவர்கள் உண்டு. பிறகு வந்த கணக்குகளில் துகள்களின் குளிர்ச்சி மேலோங்கியது, மொத்த விளைவும் சிறியதாகவே நின்றது. ஒரு எரிமலை எப்படி வேலை செய்ய வேண்டும் என்று நாம் எழுதிவைத்த பட்டியலில் இல்லாத ஒன்றை அது செய்தது. அலமாரியில் வைக்கும் ஓட்டங்களில் பினாட்டுபோ மாதிரி ஒன்று மட்டும் போதாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

கடலின் நினைவைப் பற்றிச் சுருக்கமாக. வானம் இரண்டு மூன்று வருடத்தில் தெளிந்துவிடும், கடல் மறக்காது. பினாட்டுபோவின் குளிர்ச்சியில் கடல்நீர் சுருங்கி உலகக் கடல்மட்டம் சுமார் 5 மில்லிமீட்டர் தாழ்ந்தது. கடல்மட்டத்தை விண்ணிலிருந்து துல்லியமாக அளக்கும் டோபெக்ஸ்-பொசைடன் மேலே போனது 1992 ஆகஸ்டில், அதாவது சரியாக அந்தப் பள்ளத்தில். கடல் அந்தப் பள்ளத்திலிருந்து ஏறி வந்ததால் பதிவின் முதல் பத்தாண்டில் ஏற்றம் வேகமாகத் தெரிந்தது, அதனால் பின்னால் வந்த முடுக்கம் பல வருடம் கண்ணுக்குத் தெரியாமல் போனது. ஒரு வெடிப்பு அடுத்த ஐந்தாண்டை மட்டும் கெடுப்பதில்லை, எதை அடிப்படையாக வைத்து அளக்கிறோமோ அந்தக் கோட்டையே நகர்த்திவிடுகிறது.

இனி நான் மிகவும் பயப்படுகிற விஷயம். நாளை ஒரு பினாட்டுபோ வெடித்தால் இரண்டு வருடம் உலகச் சராசரி வெப்பநிலை இறங்கும். 1.5 என்ற கோட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்த வளைவு கீழே திரும்பும். சூடேற்றம் நின்றுவிட்டது, இவர்கள் சொன்னது பொய் என்று சொல்லக் காத்திருப்பவர்கள் அன்றே ஆரம்பிப்பார்கள். இன்னொரு கூட்டம், எரிமலை செய்ததை நாமே செய்துவிடலாம், கந்தகத்தை மேலே தூவிவிடலாம் என்று கிளம்பும், படலம் கலைந்ததும் வெப்பம் பாய்ந்து திரும்பும் என்பதையும் மழைக்கு என்ன ஆகும் என்பதையும் விட்டுவிட்டு. அன்று நீங்கள் பேசினால் அது சமாளிப்பாகத்தான் கேட்கும். வெடிக்கும் முன்பே, சாதாரண ஒரு வருடத்தில், ‘இப்படி ஒன்று நடந்தால் இந்த அளவு குளிரும், இத்தனை மாதத்தில் மீளும், மீண்ட பிறகு பழைய கோட்டிலேயே போய்ச் சேரும்’ என்று உங்கள் அறிக்கையில் படத்தோடு அச்சாகியிருந்தால், அன்று அந்தப் பக்கத்தைக் காட்டினால் போதும்.

மாதிரிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத இடங்கள் இருப்பதும் உண்மை. பெரிய வெடிப்புக்குப் பிறகு எல் நினோ வரும் வாய்ப்பு கூடும் என்று பல மாதிரிகள் சொல்கின்றன. ஆனால் பவளப்பாறைகளில் பதிந்திருக்கும் பழைய காலநிலைத் தடங்களை வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று கடந்த ஆயிரம் ஆண்டில் அப்படி ஒரு சீரான தொடர்பைக் காணவில்லை. வட ஐரோப்பாவில் அடுத்த குளிர்காலம் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும் என்ற பழைய கருத்தும் இன்று விவாதத்தில்தான் இருக்கிறது. இவற்றையும் அப்படியே போடுங்கள். எல்லா மையங்களும் ஒத்துப்போவது எங்கே, பிரிவது எங்கே என்று தெரிந்தால் அணையைத் திறப்பவருக்கு அதுவே பெரிய உதவி. எல்லாம் தெளிந்த பிறகு சொல்கிறோம் என்று காத்திருப்பதுதான் உதவாது.

அடித்தளம் போடப்பட்டாயிற்று என்பதும் எனக்குத் தெரியும். வோல்ரெஸ் என்ற பெயரில் ஆய்வாளர்கள் ஒரு விரைவுப் பதில் ஏற்பாட்டை வைத்திருக்கிறார்கள். 2019 ஜூனில் குரில் தீவுகளின் ரைகோக்கே வெடித்தபோது சில நாட்களிலேயே வாயு அளவையும் உயரத்தையும் பகிர்ந்துகொள்ளத் தொடங்கினார்கள். அந்த எண்களை வாங்கி மாதிரிக்குத் தேவையான படலமாக மாற்றித் தரும் எளிய கருவிகளும் இருக்கின்றன. ஆய்வாளர்களின் ஆர்வத்தில் ஓடுகிற இந்த வேலையை உங்கள் வழக்கமான கடமைகளில் ஒன்றாக எழுதிவிடுங்கள்: இத்தனை லட்சம் டன்னைத் தாண்டினால் தானாகவே அழைப்பு போகும், இத்தனை நாளில் ஒரே படலம் எல்லா மையங்களுக்கும் கிடைக்கும், ஒரு மாதத்துக்குள் திருத்திய ஐந்தாண்டுக் கணிப்பு வெளிவரும், அதில் மழைக்கென்று தனி வரைபடம் இருக்கும். வருடத்துக்கு ஒருமுறை, இல்லாத ஓர் எரிமலையை வெடிக்கவைத்து எல்லா மையங்களும் சேர்ந்து ஓட்டிப் பாருங்கள். ஒருமுறை வெப்பமண்டலத்தில், ஒருமுறை வடக்கே, ஒருமுறை தெற்கே. ஐஸ்லாந்தின் லாக்கி 1783-84-இல் எட்டு மாதம் கக்கியதே, அப்படி நீண்டு இழுக்கும் ஒன்றையும் விட்டுவிட வேண்டாம்.

அடுத்த மே மாதம் நீங்கள் வெளியிடப்போகும் அறிக்கையிலேயே ஆரம்பிக்கலாம். முதல் பக்கத்தில் சதவீதத்துக்கு நேர் கீழே, அதே எழுத்தளவில், ‘பெரிய வெடிப்பு நடந்தால் இந்த எண் இதுவாக மாறும்’ என்று இன்னொரு எண். உள்ளே, எரிமலைத் தகவல் கொடுத்தும் கொடுக்காமலும் வந்த பின்கணிப்பு மதிப்பெண்கள் பக்கத்துப் பக்கத்தில். இதற்குப் புதிய அறிவியல் எதுவும் தேவைப்படாது, கணினி நேரமும் மையங்களுக்கிடையே ஓர் ஒப்பந்தமும் தேவைப்படும். கணினி நேரத்துக்குப் பணம் கேட்க இந்த மடல் உதவும் என்றால் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் அறிக்கைகளின் வாசகர்களில் ஒருவன்